ஊர்க் கணக்கில் இல்லாத குழந்தை

சடிபால்டி அண்ணன் தன் பேரனுக்குத் தொட்டில் கட்ட என்னைக் கூப்பிட்டபோது நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டது உண்மைதான். எங்கள் பக்கம் பிறந்த குழந்தையை முதல்முதலாக மரத்தொட்டிலில் கிடத்திக் கட்டுகிறவள் நிறையப் பெற்றவளாக இருக்க வேண்டும். பெற்றதில் ஒன்றையும் பறிகொடுக்காதவளாகவும் இருக்க வேண்டும். எனக்கு ஆறு. ஆறும் நன்றாக இருக்கின்றன, ஆறும் என் பேச்சைக் கேட்பதில்லை. அவர் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிவிட்டது, வீட்டில் அந்தத் தகுதியுள்ள பெண் யாருமில்லை. ஆனாலும் ஊரில் வேறு ஆளா கிடைக்காது? என்னைத் தேடி வந்தார் என்றால் பழைய சண்டையை முடித்துக்கொள்ள நினைக்கிறார் என்று அர்த்தம்.

சண்டைக்குக் காரணம் ஒரு மிஷின். நான் எங்கள் ஊர் மருத்துவ நிலையத்தின் ஃபெல்ட்ஷர், அதாவது டாக்டருக்கு ஒரு படி கீழே, நர்ஸுக்கு ஒரு படி மேலே. டாக்டர் இல்லாத ஊரில் நான்தான் எல்லாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. குழந்தையின் கால் பெருவிரலில் ஒரு பட்டையைச் சுற்றினால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று நூற்றுக்கு இவ்வளவு என எண் காட்டும். கூடவே ஒரு காகிதம். தொண்ணூறுக்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று அதில் போட்டிருந்தது.

காகிதத்தில் போட்டிருந்தால் செய்ய வேண்டியதுதானே என்று முதல் வாரத்திலேயே மூன்று குழந்தைகளை அனுப்பினேன். எங்கள் ஊர் மூவாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போக டால்டிக் கணவாயில் இன்னும் ஐந்நூறு மீட்டர் ஏறி, அப்புறம் இரண்டாயிரம் மீட்டர் இறங்க வேண்டும். மூன்று குழந்தைகளும் கீழே போய்ச் சேர்ந்தபோது தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று காட்டிக்கொண்டு சிரித்தன. அந்த ஆஸ்பத்திரி டாக்டர் சுயூனும் சிரித்தார். மூன்றாவது குழந்தை சடிபால்டியின் மகள் வயிற்றுப் பேத்தி. வெறும் சளி. வைக்கோல் ஏற்ற வேண்டிய நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் வந்த மனுஷன் கடைவாசலில் நின்று என் பேரை இழுத்து ஊருக்கே சொன்னார்:

“புருலோட மிஷின் சொல்றதப் பாத்தா நம்ம ஊர்ல எல்லாரும் சாகக் கெடக்கறோம். என் கழுத காதுலயும் ஒருதரம் மாட்டிப் பாரு தாயீ, அதையும் ஓஷ் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்.”

ஒரு வருஷம் இதே பேச்சு. என்னைக் கண்டால், மிஷினை மாட்டு என்பதுபோலக் காதைப் பிடித்துக் காட்டுவார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போனேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அறுபத்தொன்று. சளி, காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்து ஒவ்வொன்றின் விரலிலும் மாட்டி எழுதினேன். நன்றாக ஓடியாடும் பிள்ளைகளுக்கே எண்பத்தாறிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள்தான் காட்டியது. காற்று மெலிந்த ஊர், இரத்தமும் அதற்குப் பழகிவிட்டது. காகிதம் அச்சடித்தவர்களுக்கு எங்கள் மலை எங்கே தெரியப் போகிறது? எண்பத்து நாலில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். அதற்குக் கீழே போனால் அனுப்பு, மேலே இருந்தால் பொறுத்துப் பார்.

அதற்கப்புறம் தவறவில்லை. நிமோனியா வந்த இரண்டு பிள்ளைகளை அந்தக் கோட்டை வைத்துத்தான் பிடித்தேன். டாக்டர் சுயூன்கூட, சரியான நேரத்தில் அனுப்பினாய் என்று போனில் சொன்னார். அந்தக் கணக்குத்தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மிஷின் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். என் ஆறு பிள்ளைகளைப் பற்றிக்கூட நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

செப்டம்பர் கடைசியில் சடிபால்டியின் மகன் கனிபெக் கீழே பள்ளத்தாக்கிலுள்ள ஓஷ் நகரத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு வந்தான். அவனுக்கு அங்கேதான் வேலை. பெண்டாட்டி நுர்ஜமால் ஓஷ்காரி. குழந்தை எல்டியாரும் அங்கேதான் பிறந்தான். இருபத்து நாலு நாள். நாற்பது நாள் முடியட்டும் என்று பெண் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள் தன் வீட்டில் தொட்டில் விருந்து நடக்க வேண்டும் என்று சடிபால்டி ஒற்றைக்காலில் நின்றார். மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே மகனின் முதல் பிள்ளை, மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பெண் வீட்டார் சீராகக் கொடுத்த தொட்டில் வண்டிக்கூரையில் கட்டப்பட்டு வந்தது.

வந்த அன்று மத்தியானமே குழந்தையைப் பார்க்கக் கூப்பிட்டு விட்டார்கள். அறையில் அடுப்பு இன்னும் சூடாகவில்லை. குழந்தையை மூன்று துணியில் சுருட்டி வைத்திருந்தார்கள். அவிழ்க்க மனசு வரவில்லை. ஒரு காலை மட்டும் வெளியே இழுத்து மிஷினை மாட்டினேன். எண்பத்தாறு.

நுர்ஜமால் மெதுவாகச் சொன்னாள், வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்தான், பால் சரியாகக் குடிக்கவில்லை, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு விட்டுவிடுகிறான் என்று. வண்டியில் வந்த அசதி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி சொன்னாள். புது மருமகள் மாமனார் வீட்டில் ஒரு பேச்சை இரண்டுதரம் சொல்வது எங்கள் பக்கம் சின்ன விஷயமல்ல. எனக்கு அது உறைக்கவில்லை. என் கையில்தான் எண் இருந்ததே.

“எண்பத்தாறு. நம்ம ஊர்ப் பிள்ளைங்க கணக்குதான்,” என்றேன்.

“பாத்தியா,” என்றார் சடிபால்டி, “வந்த அன்னைக்கே ஊர்க்காரன் ஆயிட்டான்.”

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வெளியே வந்து அவர் தன் கழுதையைக் காட்டி, அதற்கும் இன்றைக்கு எண்பத்தாறுதான் இருக்கும் என்றார். சமாதானம் ஆகிவிட்டோம் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பதினொரு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. ஆடு இரண்டு வெட்டியிருந்தார்கள். எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுருண்டைகள் விரிப்பெங்கும் குவிந்து கிடந்தன. பெண்கள் உள்ளறையில் தொட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஜூனிபர் மரக்குச்சியைக் கொளுத்தி அந்தப் புகையோடு தொட்டிலை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். தொட்டிலின் மேல் தட்டில் மிட்டாய் கொட்ட, பிள்ளைகள் அடித்துப் பிடித்துப் பொறுக்கி முடித்தார்கள். எனக்குப் புதுத் தலைத்துணி போர்த்தினார்கள். நுர்ஜமால் குழந்தையை என் மடியில் வைத்தாள்.

தொட்டிலில் கட்டுவதென்றால் குழந்தையைத் துணியில்லாமல் வைத்துத்தான் தொடங்க வேண்டும். சிறுநீர் போக மரக்குழாய் பொருத்த வேண்டும், கால்களை நேராக்க வேண்டும், கைகளை உடம்போடு சேர்த்து அகலப் பட்டையால் இறுக்க வேண்டும். அறையும் இப்போது நன்றாகச் சூடாகியிருந்தது. மூன்று துணியையும் அவிழ்த்தேன். முந்தின நாள் செய்யாததை அன்றைக்குச் சடங்குக்காகச் செய்தேன்.

மெத்தையில் கிடத்தி, முதல் பட்டையைக் கையில் எடுத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என் கை இல்லை, பிள்ளைகளைக் காக்கும் உமாய்த் தாயின் கை. பட்டையை மார்புக்குக் குறுக்கே போடும்போது மார்பைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் வந்தது. கீழ் விலா மொத்தமும் உள்வாங்கியது. மூக்கு விரிந்தது. மூச்சை விடும்போது ஒரு சின்ன முனகல். கூட்டத்தில் அதைப் பூனைக்குட்டிச் சத்தமாக நினைத்துப் பெண்கள் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

பட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கைக்கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணத் தொடங்கினேன். இப்படி நடுவில் நிறுத்துவது அபசகுனம். அறை அடங்கிப்போனது. ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுபத்திரண்டு. இந்த வயதில் அறுபதைத் தொட்டாலே ஆபத்து. நாக்கைப் பார்த்தேன், ஓரமெல்லாம் நீலம். புகையை வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டு மிஷினை மாட்டினேன். எண்பது.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. என் தாளில் இருக்கும் அறுபத்தொரு பிள்ளைகளும் இந்த மலைக்காற்றிலேயே பிறந்தவர்கள், இங்கேயே கர்ப்பமாக இருந்தவர்களுக்குப் பிறந்தவர்கள். எல்டியார் ஓஷில் பிறந்தவன். இருபத்து நாலு நாள் பள்ளத்தாக்குக் காற்றைக் குடித்துவிட்டு நேற்றுத்தான் மேலே வந்தவன். தொண்ணூற்றேழில் இருந்தவன் எண்பத்தாறுக்கு விழுந்ததை நான் நம்ம ஊர்க் கணக்கு என்று சொல்லி விருந்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். யாரோ எங்கோ அச்சடித்த காகிதத்தைத் திட்டிக்கொண்டு திரிந்தவள், அதே தப்பை என் கையெழுத்தில் செய்திருக்கிறேன்.

சடிபால்டியை வாசலுக்கு அழைத்துச் சொன்னேன், உடனே கீழே இறக்க வேண்டும் என்று. அவர் என்னையே பார்த்தார்.

“கட்ட ஆரம்பிச்சுட்டு நிறுத்தறியா? உள்ள நாப்பது பேர் உக்காந்திருக்காங்க புருல்.”

“இருக்கட்டும் அண்ணே.”

“நேத்து நீதான சொன்ன, நம்ம கணக்குன்னு.”

“தப்பாச் சொன்னேன். அது இங்க பொறந்த பிள்ளைங்களுக்கு. இவனுக்கு இந்த ஒசரம் ஒத்துக்கல. இங்க வச்சிருந்தா மூச்சு வாங்கி வாங்கியே களைச்சிடுவான். எங்கிட்ட இருக்கிற ஆக்சிஜன் இன்னைக்குப் பொழுதுக்குக்கூடக் காணாது.”

போன தடவையும் இப்படித்தான் சொன்னாய் என்று அவர் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார் கூட. அதற்குள் நுர்ஜமால் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மாமனாரைத் தாண்டி வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கனிபெக் சாவியைத் தேடி ஓடினான். சடிபால்டி ஒருதரம் விருந்தாளிகளைத் திரும்பிப் பார்த்தார், அப்புறம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நிலையத்தில் நிறுத்தி ஆக்சிஜன் தலையணையை நிரப்பினேன். மூலையில் குழாய் வைத்த ரப்பர் பை அது, எங்கள் நிலையத்தைவிட வயசானது. நன்றாகத் திறந்துவிட்டால் இருபது நிமிடம் வரும். கணவாய் உச்சிக்கு நாற்பது நிமிடம். கீழே இறங்க வேண்டுமென்றால் முதலில் மேலே ஏற வேண்டும், எங்கள் ஊர்ப் பாதை அப்படி. உச்சியில் காற்று இன்னும் குறைவு. ஊரில் இருந்தாலும் ஆபத்து, கிளம்பினாலும் ஆபத்து. கிளம்பினேன்.

நுர்ஜமாலிடம் குழந்தையை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். பால் கொடுக்க வேண்டாம், மூச்சு வாங்கும்போது பால் புரையேறிவிடும் என்றேன். ஊரைத் தாண்டும்வரை தலையணையைத் திறக்கவில்லை. ஏற்றம் தொடங்கியதும் திருகைக் கால்வாசி திறந்து மூக்கருகே பிடித்தேன். எண்பத்தெட்டு ஆனது. கனிபெக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சாலையைப் பார் என்று திட்டினேன்.

மிஷின் பெட்டியிலிருந்த என் கணக்குத்தாளை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சாலையோரம் கிலோமீட்டர் கல் வரும்போதெல்லாம் எண்ணை எழுத ஆரம்பித்தேன். உச்சிக்கு இரண்டு கல் இருக்கும்போது தலையணை சப்பிப்போனது. எண்பத்தொன்று, எழுபத்தேழு, எழுபத்து நாலு.

கணவாய் உச்சியில் எங்கள் ஆட்கள் யாரும் நிறுத்தாமல் போவதில்லை. இறங்கி நின்று, கை விரித்து வேண்டி, முகத்தைத் தடவிக்கொண்டுதான் போவார்கள். கனிபெக்கின் கால் பழக்கத்தில் தானாக பிரேக்கை மிதித்தது. நிறுத்தாதே என்றேன். சடிபால்டி ஓடும் வண்டியிலேயே இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் முனகல் நின்றது.

வலி நின்றதால் வரும் அமைதி வேறு, களைத்துப்போய் வரும் அமைதி வேறு. மார்பு அசையவில்லை. உள்ளங்காலில் சுண்டினேன். இன்னொருதரம் சுண்டினேன். முதுகை அழுத்தித் தேய்த்தேன். நுர்ஜமால் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசுக்குள் எட்டு எண்ணியிருப்பேன். நீளமாக ஒரு மூச்சை இழுத்தான், அப்புறம் இன்னொன்று, அப்புறம் அழுதான். அந்த அழுகையைக் கேட்டு எனக்கும் அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

இறக்கம். எழுபத்தாறு. ஒரு வளைவு, எழுபத்தொன்பது. எண்பத்து மூன்று. கல்லுக்குக் கல் ஏறியது. நுர்ஜமால் மிஷினைப் பார்க்கத் தெரிந்துகொண்டு, நான் எழுதுவதற்கு முன்பே எண்ணைச் சொல்லத் தொடங்கினாள். எண்பத்தாறு என்று அவள் சொன்னபோது மட்டும் என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. கணவாயின் அடியில், முதல் மரங்கள் தெரிகிற இடத்தில், தொண்ணூறு. ஆஸ்பத்திரி வாசலில் தொண்ணூற்றைந்து. நாக்கு சிவந்திருந்தது.

டாக்டர் சுயூன் குழந்தையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், என் தலையில் இன்னும் இருந்த விருந்துத் துணியைப் பார்த்தார்.

“இன்னொரு நல்ல பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டியா புருல்?”

தாளைத் திருப்பி அவர் கையில் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் கல் எண், பக்கத்தில் ஆக்சிஜன், உச்சியில் ‘மூச்சு நின்றது’ என்று ஒரு வரி. மேலிருந்து கீழே படித்தார். மறுபடி படித்தார். சிரிப்பு போய்விட்டது. மேலே எத்தனை நாள் இருந்தான் என்று கேட்டார். ஒரு நாள் என்றேன். இன்னொரு நாள் இருந்திருந்தால் என்று தொடங்கினவர், நுர்ஜமால் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆக்சிஜனில் வைத்து, ஓஷிலிருந்து இதய டாக்டரை வரவழைத்தார்கள். நுரையீரல் ரத்தக்குழாய்கள் அந்த உயரத்தில் சுருங்கிக்கொண்டன, அதனால் இதயத்துக்குச் சுமை ஏறியது, கீழேயே இருந்தால் சரியாகிவிடும், இரண்டு வயதுவரை மலை வேண்டாம் என்றார்கள்.

சாயங்காலம் தாழ்வாரத்தில் சடிபால்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ கட்டு போடும்போது பார்த்திருக்காவிட்டால் என் பேரன் இல்லை என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் காலம் பூராவும் என்னைப் புகழ்ந்துகொண்டிருப்பார். எனக்கு அது ஆகாது.

“நேத்தே பாத்திருக்கணும் அண்ணே. உங்க மருமக ரெண்டுதரம் சொன்னா, பால் குடிக்கலன்னு. நான் துணியக்கூட அவுக்கல. நம்பர மட்டும் பாத்தேன்.”

எழுந்து வெளியே போனார். திரும்பிப் போகும் வண்டியிலும் என்னோடு பேசவில்லை. ஊருக்கு வந்தபிறகு பத்து நாள் கடையில் பார்த்தாலும் காதைப் பிடிக்கவில்லை, கழுதையைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் கஷ்டமாக இருந்தது. புதுத் தாள் ஒன்றில் கணக்கைத் திரும்ப எழுதினேன். முதல் வரிசையில் ‘எங்கே பிறந்தது’, இரண்டாவது வரிசையில் ‘அம்மா என்ன சொல்கிறாள்’. எண்ணைக் கடைசி வரிசைக்குத் தள்ளினேன்.

பதினோராவது நாள் காலையில் நிலையத்தின் முன்னால் அவர் வண்டி நின்றது. கூரையில் தொட்டிலைக் கட்டியிருந்தார். இறங்காமலே சொன்னார்:

“ஓஷுக்குப் போறேன். வா.”

“நானா? எதுக்கு அண்ணே?”

“நீ ஆரம்பிச்ச கட்டு பாதியில கெடக்கு. வேற யார் வந்து முடிப்பா?”

போனேன். கணவாய் உச்சியில் நிறுத்தி இரண்டு பேரும் இறங்கி நின்றோம். ஓஷில் கனிபெக்கின் இரண்டு அறை வீட்டில் விருந்து ஒன்றுமில்லை, டீயும் போர்சோக்கும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்திருந்த எல்டியாரை நுர்ஜமால் என் மடியில் வைத்தாள். துணிகளை அவிழ்த்து மெத்தையில் கிடத்தினேன். பட்டையைக் கையில் எடுத்தேன், மறுபடி கீழே வைத்தேன்.

கட்டுவதற்கு முன்னால் அவன் வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்தேன். சடிபால்டி கதவோரம் தன் கடிகாரத்தைப் பிடித்தபடி நின்றார். நாற்பத்திரண்டு என்றேன். நாற்பத்திரண்டுதான் என்றார் அவரும். அப்புறம் பால் எப்படிக் குடிக்கிறான் என்று நுர்ஜமாலிடம் கேட்டேன், அவள் சொல்லி முடிக்கிறவரை கேட்டேன், அதற்குப் பிறகுதான் கட்டினேன்.